குடிக்கூலியும் தலைநகரும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது நாம் இளமை முதல் படித்த பாடம். இவற்றுள் முன்னைய இரண்டும் விலை ஏறுங்கால் ஓரளவு குறைத்துக்கொள்ளத் தக்கவை. அரிசிச் சோற்றிற்கு மாறாகக் கேழ்வரகுக் களி உண்ணலாம். புத்தாடைக்கு மாறாகப் பழைய ஆடையைத் தைத்து உடுக்கலாம். உறையுளோ அத்தன்மையது அன்று. அரை வீட்டில் அரை நாள் குடியிருத்தல் எவர்க்கும் இயலாது. கூலி ஏறிற்று என்று இவ்வாரம் வீட்டை விடுத்து, இறங்கிற்று என்று அடுத்த வாரம் மீண்டும் கொள்ளுதலும் இயலாது. ஆதலின் வீட்டின் கூலி ஏறும்போது எளிய குடும்பத்தார் குறைத்துக்கொள்வது வீட்டை அன்று. உணவையும் உடையையும் பிள்ளைகளின் கல்வியையுமே ஆம். குடிக்கூலி ஏறுதலை வணிகர் பார்க்கும் வெறுங்கணக்கு என்று நாம் ஒதுக்கிவிடலாகாமைக்குக் காரணம் இதுவே.

குடிக்கூலி என்பது நம் மொழியில் வழங்கும் அழகிய சொற்களுள் ஒன்று. இக்காலத்தில் வாடகை என்னும் சொல்லே பெருவழக்காயிற்று. வாடகை வண்டிக்கும் பந்தலுக்கும் பாத்திரத்திற்கும் பொதுவான சொல். குடிக்கூலியோ மனைக்கே உரியது. குடி என்பது குடியிருத்தலையும் குடும்பத்தையும் ஒருங்கே உணர்த்தும். வண்டியை மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு குடியை அவ்வாறு ஆண்டுதோறும் பெயர்த்து நடுதல் ஆகாது. சொல்லிலேயே அடங்கிக் கிடக்கும் இவ்வேறுபாட்டை மறந்து, வீட்டையும் வண்டியையும் ஒரு தன்மையவாக எண்ணி விலை பேசியமையே இன்று பெருநகரங்களில் காணும் துன்பத்திற்கு ஒரு பெருங்காரணம் என்பது என் கருத்து. இதனைப் பிரிட்டானிய நாட்டையும் அதன் தலைநகராகிய இலண்டனையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்க முயல்கின்றேன்.

தமிழ் மாணவன் ஒருவன் இலண்டன் நகரத்து வீடுகளைப் பற்றிக் கவலுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். என்னை இதன்கண் தூண்டியது ஒரு கடிதம். என் சிற்றன்னையார் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலித்தொழில் புரிகின்றார். ஐந்தாண்டுகளுள் அவர் நான்கு வீடுகள் மாறினார். ஒருமுறையேனும் அவர் கூலியைத் தவறவிட்டாரல்லர். அண்டை வீட்டாரோடு பிணங்கினாரும் அல்லர். வீட்டுக்காரர் இரண்டு மாதத் தவணை கொடுத்து வெளியேறச் சொல்வார், காரணம் சொல்லார். பின்னர் அதே வீடு முந்நூறு பவுன் கூடுதலாக விளம்பரத்தில் வரும். அவர் பெறும் ஊதியத்தில் ஏறத்தாழப் பாதி, ஓர் அறைக்கும் அதனோடு ஒட்டிய சமையல் மூலைக்குமே போகின்றது. "நாள்தோறும் நோயாளர் பலர்க்குப் படுக்கை விரிக்கின்றேன், வரும் ஆண்டு என் படுக்கை எவ்விடத்தது என்பதை மட்டும் அறியேன்" என்று அவர் எழுதியிருந்தார். நம் கல்லூரிப் பழைய மாணவருள் எத்தனையோ பேர் இன்று அந்நகரில் இந்நிலையில் இருத்தல் கூடும். இன்று இவ்விடுதியிற் பயில்வோருள் எத்தனையோ பேர் நாளை அங்குச் செல்லுதலும் கூடும்.

முதற்கண் இன்றைய நிலையைக் காண்போம். அந்நாட்டுத் தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தார் தனியார் வீடுகளின் குடிக்கூலியை மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிடுகின்றனர். 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாடு முழுமைக்கும் சராசரிக் குடிக்கூலி மாதம் ஏறத்தாழ 1,340 பவுன். இலண்டனில் அஃது ஏறத்தாழ 2,250 பவுன். இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியிலோ 700 பவுனுக்குச் சற்று மேற்பட்டது. தலைநகரில் ஒரு வீட்டிற்குக் கொடுக்கும் தொகை வடகிழக்கில் மூன்று வீடுகளுக்குப் போதியதாகும் என்றவாறு. 2024 மார்ச்சு மாதத்தோடு முடிந்த ஓராண்டில் குடிக்கூலி நாடெங்கும் நூற்றுக்கு ஒன்பதுக்கு மேலாகவும், இலண்டனில் நூற்றுக்குப் பதினொன்று அளவாகவும் ஏறிற்று. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏற்றத்தின் விரைவு தணிந்தது. ஆயின் விரைவு தணிதல் வேறு, கூலி இறங்குதல் வேறு. ஏணியில் மெல்ல ஏறுபவனும் ஏறுபவனே அன்றோ?

இங்கிலாந்து அரசாங்கத்தார் 2023-24ஆம் ஆண்டில் எடுத்த வீட்டுக் கணக்கில் மற்றொரு செய்தி உளது. தனியாரிடம் குடியிருப்போர் தம் குடும்ப வருவாயில் சராசரி நூற்றுக்கு 34 பங்கைக் குடிக்கூலியாகக் கொடுத்தனர். கடன் பெற்றுச் சொந்த வீடு வாங்கியோர் அக்கடனுக்குக் கொடுத்தது நூற்றுக்கு 19 பங்கே. ஒருநாள் வீட்டைத் தமதாக்கிக்கொள்ளப் போவோர் குறைவாகக் கொடுக்கின்றனர். எந்நாளும் தமதாகாத வீட்டிற்கு மற்றையோர் மிகுதியாகக் கொடுக்கின்றனர். இவ்வாறு கொடுப்பவர் முன்பணம் சேர்த்துத் தாமும் வீடு வாங்குவது எங்ஙனம்? ஏழ்மையே ஏழ்மைக்குக் காரணமாய் நிற்கும் வட்டம் இது. கொடுக்கவே மாட்டாதார் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2025 மார்ச்சு இறுதியில் இங்கிலாந்தில் 1,30,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் சொந்தமும் இன்றிக் கூலி வீடும் இன்றி, நகராட்சிகள் அமர்த்திக் கொடுத்த தற்காலிக இடங்களில் தங்கியிருந்தன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இலண்டன் நகரத்தன. அத்தகைய இடங்களில் வளரும் குழந்தைகள் 1,60,000க்கு மேற்பட்டோர். உலகின் செல்வம் கொழிக்கும் நகரங்களுள் ஒன்றில் இந்நிலை என்றால், செல்வம் மட்டும் வீடு கட்டித் தாராது என்பது தெளிவு.

இலண்டனில் கூலி இத்துணை ஏறுதற்குக் காரணம் யாது? 1939ஆம் ஆண்டில் அந்நகரத்து மக்கட்டொகை ஏறத்தாழ 86 இலட்சம். போரும், போருக்குப்பின் புது நகரங்களில் மக்களைக் குடியேற்றிய கொள்கையும், தொழில்களின் பெயர்ச்சியும் சேர்ந்து அத்தொகையைக் குறைத்தன. 1980ஆம் ஆண்டுகளில் அது 70 இலட்சத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. பின்னர் மீண்டும் பெருகத் தொடங்கி 2015ஆம் ஆண்டில் பழைய உச்சத்தைக் கடந்தது. மக்கள் மீண்டு வந்தனர். அவர்களுக்கு வேண்டிய வீடுகளோ அவ்விரைவில் எழவில்லை. நகரைச் சூழப் பசுமை வளையம் ஒன்று 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொடங்கப்பெற்றுப் பிற்காலத்தில் விரிவாக்கப்பட்டது. அது வயலையும் காட்டையும் காத்தது நன்றே; எனினும் நகரம் புறத்தே விரியும் வழியையும் அடைத்தது. அகத்தே உயர்த்திக் கட்டலாம் எனினும், நிலத்தின் விலையும் அனுமதி பெறும் காலத்தாழ்வும் தடையாயின. வேலை அனைத்தும் தலைநகரில் குவிய, வேலை தேடுவோரும் அங்கே குவிந்தனர். 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவி மக்கள் நகரை விட்டு நீங்கியபோது, இலண்டனின் நடுப்பகுதியில் புதிதாகக் குடிபுகுவோரிடம் கேட்கப்பட்ட கூலி சரிந்தது; அவர்கள் திரும்பியதும் சரிந்ததற்கு மேலும் ஏறிற்று. வீட்டின் எண்ணிக்கைக்கும் குடியின் எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியே கூலியின் முதற்காரணம் என்பதனை இந்நிகழ்ச்சி மெய்ப்பிக்கின்றது.

இனி, இத்துன்பத்தை நீக்க அந்நாட்டார் செய்துபார்த்த முறைகளைக் காண்போம். நூற்றறுபது ஆண்டுகளாக அவர்கள் ஏறத்தாழ எல்லா வழிகளையும் முயன்று பார்த்துள்ளனர். ஆதலின் அவர் வரலாறு நமக்கு ஒரு பள்ளிக்கூடம் போல் உதவும்.

முதலாவது வழி அறம். 1862ஆம் ஆண்டில் ஜார்ஜ் பீபாடி என்னும் அமெரிக்க வணிகர் இலண்டன் ஏழைகளின் பொருட்டு 1,50,000 பவுன் கொடையளித்தார். அப்பொருளால் எழுந்த முதற் கட்டடம் 1864ஆம் ஆண்டில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. 1865ஆம் ஆண்டில் ஆக்டேவியா ஹில் என்னும் பெருமாட்டியார், ஜான் ரஸ்கின் உதவிய பொருளைக் கொண்டு மேரிலிபோன் பகுதியில் பழுதுற்ற சிறு வீடுகள் சிலவற்றை ஏற்றுச் செப்பனிட்டுக் குறைந்த கூலிக்கு விட்டார். ரஸ்கினுக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஊதியமும் கொடுத்து, எஞ்சியதைக் குடியிருப்போர் நலத்திற்கே செலவிட்டார். இலாபமும் இரக்கமும் ஒருங்கே நிற்றல் கூடும் என்பதனை இவர் செயல் காட்டிற்று. ஆயின் அறத்தின் கை எத்துணை நீண்டதேனும் இலட்சக்கணக்கான குடும்பங்களை எட்டவில்லை.

இரண்டாவது வழி சட்டத்தாற் கூலியைக் கட்டுதல். 1915ஆம் ஆண்டில், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கிளாஸ்கோ நகரத்துப் போர்த்தொழிற்சாலைகளில் வேலை பெருகிற்று, தொழிலாளர் திரண்டனர், வீட்டுக்காரர் கூலியை ஏற்றினர். ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, மேரி பார்பர் முதலிய மகளிர் தலைமையில் பல்லாயிரங் குடும்பத்தார் கூலி கொடுக்க மறுத்தனர். வெளியேற்ற வரும் அதிகாரிகளை மகளிர் வாயிலில் நின்று தடுத்தனர். அரசாங்கத்தார் பணிந்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே சிறு வீடுகளின் கூலியைப் போர் தொடங்கியபோது இருந்த அளவிலேயே நிறுத்தும் சட்டத்தை நிறைவேற்றினர். போர்க்காலத்திற்கென்று பிறந்த அச்சட்டம் பல உருவங்களில் எழுபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. குடியிருப்போர்க்கு அஃது அரணாயிற்று. எனினும் கூலி ஏறாமையால் பல உரிமையாளர் வீட்டைப் பழுதுபார்க்கவில்லை. வாய்த்தபோது விற்றும் விட்டனர். 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நூற்றுக்கு 76 குடும்பங்கள் தனியாரிடம் குடியிருந்தன. 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் அஃது ஏறத்தாழப் பத்தில் ஒன்றாயிற்று. சேரிகளை இடித்ததும், மக்கள் சொந்த வீடு வாங்கியதும், நகராட்சி வீடுகள் பெருகியதும் இதற்குக் காரணங்களே. ஆயினும் கட்டுப்பட்ட கூலியும் அவற்றுள் ஒன்று என்பதை மறுத்தற்கில்லை.

மூன்றாவது வழி அரசே கட்டுதல். 1919ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் அடிசன் அமைச்சராயிருந்தபோது, நகராட்சிகள் அரசாங்கத்தின் பொருளுதவியோடு வீடு கட்டவேண்டும் என்னும் சட்டம் பிறந்தது. ஐந்து இலட்சம் வீடுகள் எண்ணப்பட்டன. செலவுச் சுருக்கத்தால் இரண்டு இலட்சத்திற்குச் சற்று மேற்பட்டவையே எழுந்தன. எனினும் வழி திறந்தது. இலண்டன் மாவட்டக் கழகத்தார் பெக்கன்ட்ரீ என்னுமிடத்தில் 1921ஆம் ஆண்டு முதல் 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 26,000 வீடுகள் கட்டினர். இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் ஆங்குக் குடியேறினர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் தொழிற்கட்சியாரும் பழமைக்கட்சியாரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு வீடு கட்டினர். 1968ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நான்கு இலட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுள் பாதிக்குச் சற்றுக் குறைந்தவை நகராட்சிகள் கட்டியவை. அந்த எண்ணிக்கையை அந்நாடு பின்னர் எட்டியதே இல்லை.

நான்காவது வழி கட்டவிழ்த்து விடுதல். 1957ஆம் ஆண்டில், கூலியை அவிழ்த்துவிட்டால் வீடு பெருகும் என்று கருதி ஒரு சட்டம் செய்தனர். பழைய குடியிருப்போர் இருக்குமளவும் பல வீடுகளில் கூலி கட்டுண்டு இருக்கும். அவர் நீங்கினால் உரிமையாளர் வேண்டியவாறு ஏற்றலாம். விளைந்தது யாது? இலண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் பீட்டர் ராக்மன் என்பவர் பழைய குடியிருப்போரை அச்சுறுத்தித் துரத்திய செய்தி, அவர் இறந்த பின்னர் 1963ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிற்று. அவர் பெயரே அத்தகைய கொடுமைக்கு ஆங்கில அகராதியில் ஒரு சொல்லாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளினின்று வந்த கறுப்பு மக்களுக்கு, மற்றையோர் நிறத்தைக் காட்டி வீடு மறுத்த காலத்தில், மிகுந்த கூலிக்கு இடம் கொடுத்தவரும் அவரே. போக்கிடம் இல்லாதவனிடமே மிகுந்த விலை கேட்கலாம் என்னும் கொடிய உண்மையை இது காட்டுகின்றது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நேரிய கூலியை வரையறுக்கும் அலுவலரை ஏற்படுத்திற்று. 1968ஆம் ஆண்டுச் சட்டம் வீடு விடுதலில் இன வேற்றுமை பாராட்டுதலைத் தடுத்தது.

ஐந்தாவதாக இன்றைய நிலைக்கு வித்திட்டவை இரண்டு சட்டங்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சி வீடுகளில் குடியிருப்போர் அவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தந்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ இருபது இலட்சம் வீடுகள் இவ்வாறு விற்கப்பட்டன. வாங்கியோர்க்கு அது பெரும்பேறு. அதனை யான் குறை கூறேன். விற்றவற்றிற்கு ஈடாக வேறு கட்டாமையே குறை. விற்ற வீடுகளுள் பல கை மாறி, இன்று தனியாரால் பன்மடங்கு கூலிக்கு விடப்படுகின்றன. 1988ஆம் ஆண்டுச் சட்டம் புதிய குடிக்கூலி ஒப்பந்தங்களைச் சந்தை விலைக்கே விட்டுவிட்டது. காரணம் கூறாமல் இரண்டு மாதத் தவணையில் வெளியேற்றும் உரிமையையும் உரிமையாளர்க்கு எளிதாக்கிற்று. தனியார் வீடுகள் பெருகின. இன்று இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பம் அவற்றில் வாழ்கின்றது. எண்ணிக்கை பெருகியும் கூலி இறங்கவில்லை. என்னை? அவற்றுள் மிகப் பல புதிதாகக் கட்டியவை அல்ல. ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறியவை. இருந்த அப்பத்தைப் பங்கிடும் முறை மாறிற்றேயன்றி அப்பம் வளரவில்லை.

நிற்க. இவ்வரலாற்றை நோக்கின், அறிஞர்கள் இரு கட்சியினராய்ப் பிரிந்து நிற்றல் புலனாகும். கூலியைச் சட்டத்தாற் கட்டுக என்பார் ஒரு சாரார். கட்டினால் வீடு அருகும். விட்டுவிடுக என்பார் மற்றொரு சாரார். இருவரும் பாதி உண்மையே கூறுகின்றனர் என்பது என் எண்ணம்.

கட்டுக என்பாரின் கூற்றை ஸ்காட்லாந்தில் அண்மையில் சோதித்தனர். 2022ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார் குடியிருப்போரின் கூலியை ஏற்றலாகாது என்று நிறுத்தினர். 2023 ஏப்பிரல் முதல் 2024 மார்ச்சு வரை நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஏற்றலாகாது என்றனர். முன்னரே வீட்டினுள் இருந்தவர்க்கு அது நற்பயன் விளைத்தது. ஆயின் புதிதாகக் குடிபுகுவோர்க்கு அவ்வரம்பு பொருந்தாமையால், உரிமையாளர் அப்போதே மிகுதியாகக் கேட்டனர். வீட்டினுள் இருப்பவனைக் காக்கும் சட்டம் வாயிலில் நிற்பவனைக் காக்கவில்லை. வாயிலில் நிற்பவர் பெரும்பாலும் யாவர்? படிப்பு முடித்து வேலை தேடி வரும் இளைஞர், புதிதாய் மணந்தோர், அயல்நாட்டினின்று வந்தோர் ஆகிய இவர்களே.

விட்டுவிடுக என்பாரின் கூற்றிலும் குறை உண்டு. மற்றைப் பண்டங்களின் விலை ஏறினால் அவற்றை ஆக்குவோர் பெருகுவர். விலை மீண்டும் இறங்கும். நிலமோ ஆக்கப்படும் பண்டம் அன்று. ஒரு தெருவில் கூலி ஏறின், அத்தெரு நீளாது; அத்தெருவின் நிலவிலையே ஏறும். கட்டுவோரும் விலை இறங்கும் அளவிற்கு விரைந்து கட்டார். தம் பொருளின் விலையைத் தாமே கெடுத்துக்கொள்ளும் வணிகர் உளரோ? ஆதலின் சந்தையையே நம்பியிருத்தல், நெருப்பை அணைக்க விறகு விற்பவனை அழைத்தல் போலாம்.

என் துணிபு இது. குடிக்கூலியை நெடுங்காலம் அடக்கி வைக்கவல்லது சட்டப் புத்தகம் அன்று. இலாபம் கருதாது, அடக்கவிலைக்கு விடப்படும் வீடுகள் போதிய எண்ணிக்கையில் நிற்றலே ஆம். அவை நகராட்சியினுடையனவாக இருக்கலாம். அறநிலையத்தினுடையனவாகவோ கூட்டுறவுச் சங்கத்தினுடையனவாகவோ இருக்கலாம். அவை நூற்றுக்கு இரண்டு மூன்றாய் இருப்பின் அறச்சாலை போல் நிற்கும்; நூற்றுக்கு முப்பது நாற்பதாய் இருப்பின் நகரம் முழுவதற்கும் விலையின் அளவுகோலாய் நிற்கும். இதற்குச் சான்று ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னா. 1923 முதல் 1934 வரை அந்நகராட்சியார் செல்வர் மீது கூடுதலாகவும் எளியோர் மீது குறைவாகவும் வீட்டுவரி விதித்து, அவ்வருவாயால் 60,000க்கு மேற்பட்ட இல்லங்கள் கட்டினர். இன்று அந்நகராட்சியிடம் ஏறத்தாழ 2,20,000 இல்லங்கள் உள. இலாபம் வரையறுக்கப்பட்ட சங்கங்களின் இல்லங்களையும் சேர்த்தால் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இவற்றில் வாழ்கின்றனர். வியன்னாவின் குடிக்கூலி இலண்டனினும் பெரிதும் குறைந்தது. முதல் உலகப் போருக்குப்பின் அந்நகரில் மக்கட்டொகை குறைந்து நிலம் மலிவாய் இருந்தது என்பதனையும், எல்லா நகரங்கட்கும் அவ்வாய்ப்பு அமையாது என்பதனையும் ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் இலண்டனும் பெக்கன்ட்ரீயைக் கட்டிய நகரமே. கைவிட்ட பழக்கத்தை மீண்டும் மேற்கொள்ளுதல் புதிதாய்க் கற்றலினும் எளிது.

இதற்குப் பொருள் யாண்டையது என்று கேட்பார்க்கு ஒரு விடை உண்டு. வறியோர் குடிக்கூலிக்கு உதவியாகப் பிரிட்டானிய அரசாங்கத்தார் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 கோடி பவுன் செலவிடுகின்றனர். அதில் கணிசமான பகுதி ஏழையின் கை வழியே ஒழுகித் தனியார் உரிமையாளர் கையைச் சேர்கின்றது. ஒருகாலத்தில் பொதுப் பணம் பெரும்பாலும் வீடு கட்டச் செலவாயிற்று. இன்று பெரும்பாலும் கூலி கொடுக்கச் செலவாகின்றது. முன்னது ஆண்டுகள் கழிந்தும் சுவராய் நிற்கும். பின்னது மாதம் கழிந்ததும் மறைந்துபோம். ஒருநாளில் மாற்ற இயலாது என்பது உண்மையே. எனினும் சிறிது சிறிதாக ஒன்றினின்று மற்றொன்றிற்குத் திருப்புதல் அரசியலார்க்கு அரிதன்று.

வீடு எழும் வரை குடியிருப்போன் என் செய்வான்? அதற்கே சட்டம் வேண்டும். அது விலையைக் காட்டிலும் நிலைப்பைக் காக்கும் சட்டமாதல் வேண்டும். 2025 அக்டோபர் 27ஆம் நாள் இசைவு பெற்ற குடியிருப்போர் உரிமைச் சட்டம் இவ்வகையது. இங்கிலாந்தில் காரணமின்றி வெளியேற்றுதலை ஒழிக்கவும், ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேல் கூலியை ஏற்றாதிருக்கவும், ஏற்றம் மிகையாயின் நடுவர் மன்றத்தை அணுகவும் அது வகை செய்கின்றது. விளம்பரம் செய்த கூலிக்கு மேல் ஏலம் கேட்பதையும் தடுக்கின்றது. இதன் முதன்மையான விதிகள் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மே 1 குறிக்கப்பட்டது. கூலியை இது குறைக்கும் என்று யான் நம்பவில்லை. ஆயின் என் சிற்றன்னையார் போன்றோர், தம் படுக்கை எவ்விடத்தது என்று அறிந்து உறங்குதற்கு இது துணை செய்யும். அதுவும் சிறிய நன்மை அன்று.

இறுதியாக நம் நாட்டை நோக்கி ஒரு சொல். பிரிட்டானியர் போர்க்காலத்திற் கைக்கொண்ட முறை ஈண்டும் பரவிற்று. பம்பாயில் 1918ஆம் ஆண்டிலேயே குடிக்கூலிக் கட்டுப்பாடு வந்தது. சென்னை மாகாணத்தில் 1946, 1949ஆம் ஆண்டுகளிலும், பின்னர் 1960ஆம் ஆண்டிலும் சட்டங்கள் பிறந்தன. அவற்றிற்கு மாறாக 2017ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வற்புறுத்துகின்றது. வேறு உடன்பாடு இல்லாதவழி மூன்று மாதக் கூலிக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது என்கின்றது. சென்னையிற் பத்து மாத முன்பணம் கேட்ட வழக்கத்தை நம் பழைய மாணவர் நன்கு அறிவர். சட்டங்களை நாம் இங்கிலாந்தினின்று கற்றோம். நகராட்சி வீடுகள் கட்டும் வழக்கத்தை அத்துணை ஊக்கத்தோடு கற்றோமில்லை. அதுவன்றியும், கூலி கொடுக்க வல்லவனையும் சாதி யாது, சமயம் யாது, உண்பது யாது என்று வினவி வாயிலிலேயே திருப்பி அனுப்பும் வழக்கம் நம்மிடையே இன்னும் உளது. நாட்டிங் ஹில் மக்கள் நிறத்தைக் கேட்ட கேள்விக்கும் இதற்கும் வேற்றுமை யாது?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பர் நம் முன்னோர். இக்கல்லூரியிற் பயில்வோருள் சிலர் நாளை வீட்டுக்காரர் ஆவோம். பலர் குடியிருப்போர் ஆவோம். வீட்டுக்காரர் ஆவோர் குடிக்கூலி என்னும் சொல்லில் கூலியை மட்டும் எண்ணாது குடியையும் எண்ணுவாராக. நகராட்சியிலும் அரசாங்கத்திலும் பொறுப்பேற்போர் கூலியை எண்ணுமுன் வீடுகளை எண்ணுவாராக. அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றன்பின் நம் முன்னோர் வைத்த வீடு மறுமைக்குரியது. இம்மைக்குரிய வீடோ அம்மூன்றற்கும் முன்னே வேண்டப்படுவது என்பது என் சிற்றறிவிற்குத் தோன்றுகின்றது. பிழையுளதேல் அறிஞர் பொறுத்தருள்க.